உப்பின் கணக்கு: கடல்நீர்க் குடிநீர்த் திட்டமும் திண்டுக்கல் சமவெளியும்

சித்திரை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் இத்தனை அடிதான் இருக்கிறது, குழாயில் தண்ணீர் விடும் இடைவெளி கூடப்போகிறது என்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வரும். படித்து முடித்த கையோடு டீக்கடை பெஞ்சில் ஒருவர் கேட்பார்: "இம்புட்டு நீளத்துக்குக் கடலை வச்சுக்கிட்டு ஒரு குடம் தண்ணிக்கு அலையிறோமே, கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் குழாயில விட்டா என்ன?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. கடல்நீரைக் குடிநீராக்கும் தொழில்நுட்பம் தமிழ்நாட்டில் பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தலைநகரம் அதைக் குடிக்கிறது. கடலோரத்துக்குக் கிடைக்கும் தீர்வு உள்நாட்டுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று சமவெளிக்காரர் கேட்பது நியாயம். அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு, பதிலை எண்களோடும் உள்ளூர் அனுபவத்தோடும் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த விவாதம் பணத்தையும் மின்சாரத்தையும் சுற்றியே நடக்கிறது. நடுநாயகமாக இருக்க வேண்டிய உப்பை யாரும் பேசுவதில்லை. திண்டுக்கல் சமவெளியின் தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி, உப்பின் பிரச்சினை.

கடற்கரை கற்றுத் தந்தது

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வின் மீது 55 முதல் 70 பார் அழுத்தத்தில் அந்த நீரைத் தள்ளினால், தண்ணீர் மறுபக்கம் கசியும், உப்பு தங்கிவிடும். கார் டயருக்கு அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேலான அழுத்தம் இது. ஆகவேதான் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. உள்ளே இழுத்த நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகிறது. எஞ்சியது, ஏறத்தாழ இருமடங்கு உப்பேறிய கழிவுநீராகக் கடலுக்கே திரும்புகிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் 2010இல் இயங்கத் தொடங்கியது. அதே அளவிலான நெம்மேலி நிலையம் 2013இல் வந்தது. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் 4,276.44 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டி, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் தரும் நிலையத்தைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறுவியது.

இவற்றை ஆதரிப்போரின் வாதம் வலுவானது: மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் தரை தட்டியபோது, சென்னைக் குழாய்களில் வந்த தண்ணீரில் கணிசமான பங்கு இந்த நிலையங்களிலிருந்து வந்ததுதான். எதிர்ப்போரும் அதே ஆண்டைத்தான் சுட்டுகிறார்கள். இரண்டு நிலையங்கள் இருந்தும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. நெம்மேலியை ஒட்டிய சூளேரிக்காடு மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றியும் மீன்பாடு குறைந்ததைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். என் பார்வையில் இரு தரப்பும் சொல்வது உண்மை. கடல்நீர் நிலையம் ஒரு பெருநகருக்குக் காப்பீடு மாதிரி. நெருக்கடியின் கூர்மையை அது மழுக்கும். நெருக்கடியே வராமல் தடுக்காது.

காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் கடும் வறட்சியின் நடுவில் திட்டமிட்ட பெரிய நிலையம் 2012 இறுதியில் தயாரானபோது, மழை திரும்பி அணைகள் நிறைந்திருந்தன. 2017 வரை அங்கிருந்து தண்ணீர் வாங்கத் தேவை எழவில்லை. ஆனாலும் ஒப்பந்தப்படி நிலையான கட்டணத்தை மக்கள் செலுத்தி வந்தார்கள்.

நமக்கு இன்னும் அருகில், இன்னும் பொருத்தமான உதாரணம் ராமநாதபுரம். 1990களின் இறுதியில் கடலோர நரிப்பையூரில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்காக நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீர்க் குடிநீர் நிலையம் அமைக்கப்பட்டது. அன்றைய இந்தியாவில் அது முன்னோடி முயற்சி. அதன் பிறகு என்ன நடந்தது? 2009இல் அதே மாவட்டத்துக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வாசலிலேயே கடலை வைத்திருக்கும் மாவட்டம் உள்நாட்டு ஆற்றைக் குடிக்கத் தொடங்கியது. கடல்நீர் நிலையத்தைக் கட்டுவதைவிட, உப்புக் காற்றில் பம்புகளையும் சவ்வுகளையும் ஆண்டு முழுவதும் பழுதில்லாமல் ஓட்டுவதே கடினம். உள்நாட்டுக்கும் கடல்நீரே தீர்வு என்போர் இந்த மாவட்டத்தின் அனுபவத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

130 கிலோமீட்டரும் 270 மீட்டரும்

திண்டுக்கல்லிலிருந்து மிக அருகிலுள்ள கடல், கிழக்கே தொண்டிப் பக்கம். நேர்கோட்டில் அளந்தாலே 130 கிலோமீட்டருக்கு மேல். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 270 மீட்டர் ஏற்ற, பம்புகளின் இழப்பையும் சேர்த்தால், சுமார் ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 130 கிலோமீட்டர் குழாயின் உராய்வைச் சமாளிக்க இன்னும் முக்கால் முதல் ஒரு யூனிட் ஆகும். சுத்திகரிப்பின் மூன்றரை யூனிட்டோடு கூட்டினால், திண்டுக்கல் வீட்டுக் குழாய்க்கு வரும் கடல்நீர் ஆயிரம் லிட்டருக்கு ஐந்து யூனிட்டைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 2,07,327. தலைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலின்படி நாளொன்றுக்கு 2.8 கோடி லிட்டர் தேவை. அதாவது தினமும் சுமார் 1,40,000 யூனிட் மின்சாரம். இது 2011இன் கணக்கு. இன்றைய தேவை இதைவிட அதிகம்.

ஆனால் இந்தக் கணக்கோடு விவாதத்தை முடித்துக்கொள்வது நேர்மை ஆகாது. திண்டுக்கல்லுக்கு வரும் காவிரி நீரும் மேடேறித்தான் வருகிறது. வைகையின் பேரணையிலிருந்து வருவதற்கும் பம்பு ஓட வேண்டும். விலை என்று பார்த்தாலும், மீஞ்சூர் நிலையத்திடம் சென்னைக் குடிநீர் வாரியம் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. திண்டுக்கல் தெருவில் 20 லிட்டர் கேன் ஒன்றை 30 ரூபாய்க்கு வாங்கும் குடும்பம் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் கொடுக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே கேன் என்றாலும் இது கொடுமையான விலை. இதை ஏழை வீடுகள் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கடல்நீர் கட்டுப்படியாகாது என்ற ஒற்றை வாதம் அவர்கள் காதில் ஏறாது. ஏறவும் வேண்டியதில்லை.

விவசாயத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் காய்கறிக்கும், வேடசந்தூர் வட்டாரத்து முருங்கைக்கும், நிலக்கோட்டைப் பூவுக்கும் ஐந்து யூனிட் தண்ணீர் கட்டாது. இம்மாவட்டத்துத் தண்ணீரில் பெரும்பங்கு வயலுக்கும் தோப்புக்கும் போகிறது. கடல்நீர் அந்தப் பக்கமே வர முடியாது.

கடலோரம் கடலைக் குடித்தால், ஆறு நமக்கா?

கடல்நீரை ஆதரிப்போரில் சிந்தித்துப் பேசுபவர்கள் வேறொரு வழியைச் சொல்கிறார்கள். குழாயைத் திண்டுக்கல்வரை இழுக்க வேண்டாம். ராமநாதபுரமும் தூத்துக்குடியும் சென்னையும் கடலைக் குடிக்கட்டும். அவை இன்று எடுக்கும் ஆற்றுநீர் உள்நாட்டுக்கு மிஞ்சும். காகிதத்தில் இது மறுக்க முடியாத வாதம்.

இதற்கு ஆதரவாக ஒரு நல்ல சான்று ஈழத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது; சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் கிணற்று நீர்தான் ஆதாரம். அதற்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுபோகத் திட்டமிட்டபோது, குளத்தை நம்பிய நெல் விவசாயிகள் எதிர்த்தார்கள். தமிழருக்குள்ளேயே, போர் முடிந்த சூட்டில் எழுந்த வேதனையான தகராறு அது. கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் தரும் கடல்நீர் நிலையம் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கும் மீனவர்கள் கவலை தெரிவித்தார்கள். ஆயினும் இரணைமடு வயல்களின் தண்ணீர் வயல்களுக்கே நின்றது. எதிரெதிரே நின்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் கடல் சமாதானம் செய்துவைத்தது என்றே இதைச் சொல்லலாம்.

திண்டுக்கல்லில் இது நடக்குமா? சென்னையின் கதை நம்பிக்கை தரவில்லை. 2004இல் புதிய வீராணம் திட்டத்தில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் எடுக்கத் தொடங்கிய சென்னை, கடல்நீர் நிலையங்கள் வந்தபின் வீராணம் ஏரி நீரை விவசாயிகளிடம் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. புதிய தண்ணீர் பழையதன் மேல் சேர்ந்தது. நகரமும் அதற்கேற்ப வளர்ந்தது. மிச்சமாகும் நீர் யாருக்கு என்பதை எழுதிவைக்காமல் கட்டப்படும் நிலையம் உள்நாட்டுக்கு ஒரு சொட்டும் விடுவிக்காது. கடலோர நிலையத்தின் ஆணையிலேயே, எந்த ஆற்றில் எவ்வளவு எடுப்பது குறையும், அது எந்த ஊருக்குப் போகும் என்ற வரிகள் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆணை வரும் நாளில் இந்த வாதத்தை நான் முழுமனதாக ஏற்பேன்.

பக்கத்து ஊரோடு பகிர்வதே எளிதாக இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. குடகனாற்றுத் தண்ணீர் ராஜவாய்க்கால் வழியே திருப்பிவிடப்படுவது பற்றி, மேல்மடைக்கும் வேடசந்தூர் பக்கத்துக் கடைமடைக்கும் நடுவே நடக்கும் தகராறு இம்மாவட்டத்தார் அனைவருக்கும் தெரியும்.

கடல் ஏற்கெனவே வந்துவிட்ட ஊர்

இனி உப்புக்கு வருகிறேன்.

திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் தோல் பதனிடுதல் ஒன்று. ஊரில் 'தோல் ஷாப்பு' என்பார்கள். ஆடும் மாடும் அறுபட்ட இடத்திலிருந்து தோல் ஷாப்புக்கு வந்து சேரும்வரை தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ உப்பைத் தடவி மடிப்பார்கள். வந்ததும் முதல் வேலை, தொட்டியில் ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. ஊறல் தொட்டியின் விளிம்பில் கைவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிசுபிசுப்புக்கு அடியில் கல் உப்பு நறநறவென்று இடறும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளங்களில் விளைகிறது. கடலைக் காயவைத்து எடுத்த உப்பு தோலோடு திண்டுக்கல்லுக்கு மேடேறி வந்து, தொட்டியில் கரைந்து, ஓடையில் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே கிணறுகளுக்குள் போனது. கடல்நீரை இங்கே கொண்டுவர வேண்டுமா என்று நாம் விவாதிக்கிறோம். கடலின் உப்பு பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

இது மிகைப்பேச்சு இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பை நீதிமன்றம் பதிவு செய்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. நான்கில் மூன்று கிணறு. பின்னர் ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் குடகனாற்றின் மேல்வடிநிலத்தில் ஆய்வு செய்து, 2005 முதல் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகளில்கூட இந்த நிலத்தடி நீர் தேறிவிடாது என்பதே அவர்களுடைய கணினி மாதிரிகள் காட்டியதன் சாரம். இங்குள்ள தரை கருங்கல் தரை. மணல் படுகையைப் போல நீர் தாராளமாக ஓடி உப்பைக் கழுவிச் செல்லாது. வெடிப்பில் புகுந்தது வெடிப்பிலேயே கிடக்கும்.

அந்தக் கிராமங்களின் கிணறுகள் பல வறண்டவை அல்ல. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். படிக்கட்டில், நீர் ஏறி இறங்கிய கோடுகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தென்னை ஓலையின் நுனி கருகியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கும் தெருவுக்குப் போவார்கள். தண்ணீர் இருந்தும் தண்ணீர்ப் பஞ்சம். மழைப் பற்றாக்குறையை அளக்கும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தப் பஞ்சம் ஏறுவதில்லை.

தெருமுனைச் சவ்வு

கடல்நீர் நிலையத்தின் இதயமான அதே சவ்வு இன்று திண்டுக்கல் தெருமுனைகளில், ஆர்.ஓ. பிளாண்ட் என்ற பெயரில், ஓடிக்கொண்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை இழுத்துச் சுத்திகரித்துக் கேனில் அடைக்கிறார்கள். அப்படி ஒரு கூடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நீளமான வெள்ளைக் குழல்கள் படுக்கை வசத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் முனையிலிருந்து இரண்டு பைப்புகள் பிரிந்தன. ஒன்று ஸ்டீல் தொட்டிக்குள் போனது. மற்றொன்று சுவரில் போட்ட ஓட்டை வழியே வெளியேறி, தெருச் சாக்கடையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஊழியர் அதை 'ரிஜெக்ட்' என்றார். வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஸ்டீல் தொட்டியைத்தான் பார்த்தார்கள்.

ஒரு லிட்டரில் 3 கிராம் உப்புள்ள கிணற்று நீர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு, வேறு வழியே இல்லாதபோது குடிக்க அனுமதிக்கும் உச்சவரம்பே 2 கிராம்தான். 100 லிட்டரில் 300 கிராம் உப்பு. பாதித் தண்ணீர் கேனுக்குப் போனால், ஏறக்குறைய அந்த 300 கிராமும் மீதி 50 லிட்டரில் சேர்ந்து லிட்டருக்கு 6 கிராமாகும். சாக்கடையில் இறங்கி அதே தரைக்குள் போகும். அடுத்த ஆண்டு அதே நீரைத்தான் இன்னும் ஆழத்திலிருந்து இழுப்போம். சவ்வு உப்பை அழிப்பதில்லை, பிரித்துக் கையில் கொடுக்கிறது. கடற்கரையில் அந்தக் கையை நீட்ட ஒரு கடல் இருக்கிறது. அங்கேயே மீனவர் கேள்வி கேட்கிறார். திண்டுக்கல்லில் நீட்டுவதற்குக் கிணறுதான் இருக்கிறது.

கழிவே வெளியேறாத முறை இதற்கு விடை என்று சிலர் சொல்வார்கள். திருப்பூர்ச் சாயத் தொழிலில் 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் அது கறாராக நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் மீண்டும் ஆலைக்குப் போகிறது. நொய்யல் ஆற்றுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கடைசியில் எஞ்சுவது யாருக்கும் உதவாத கலப்பு உப்பு. மூட்டை மூட்டையாகக் கட்டி மழை படாமல் கொட்டகைக்குள் காக்க வேண்டியிருக்கிறது. கொட்டகை நிறைந்தபின் என்ன என்பதற்குத் தோல் தொழிலும் சாயத் தொழிலும் இன்னும் முழுமையான விடை காணவில்லை.

உப்பேறிய கிராமங்களுக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1978இலேயே குஜராத்தின் அவானியா கிராமத்தில் பாவ்நகரின் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நிலையத்தை அமைத்துக் காட்டியது. குடிக்க மட்டும், தலைக்கு சில லிட்டர், கழிவுக்குப் பூச்சுப் போட்ட ஆவியாதல் தொட்டியோடு என்றால் அது மருந்து. ஊருக்கே அதுதான் ஆதாரம் என்றால் நோய்.

தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்

கடலை விட்டு மழையைக் கணக்கிடுவோம். திண்டுக்கல்லின் பழைய நகராட்சி எல்லையின் பரப்பு 14 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,100 கோடி லிட்டருக்கு மேல். நாள் கணக்கில் 3 கோடி லிட்டர். மேலே சொன்ன நகரத் தேவையைவிடச் சற்று அதிகம். முழுவதையும் பிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும், பெரும்பகுதி ஆவியாகும். மூன்றில் ஒரு பங்கு பிடிபட்டாலே நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர். இந்தத் தண்ணீரை 270 மீட்டர் ஏற்ற வேண்டியதில்லை, மேகமே ஏற்றிவிட்டது. அதில் உப்பும் இல்லை. உப்பேறிய தரையைச் சிறிது சிறிதாகக் கழுவக்கூடிய ஒரே நீரும் அதுதான். 2003இல் மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டிகளில் எத்தனை இன்று தூர் வாரிய நிலையில் இருக்கின்றன என்பதை நம் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்கலாம்.

குழாயில் வருவதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியேறுகிறது. இஸ்ரேலை எடுத்துக்காட்டுவோர் அதன் கடல்நீர் நிலையங்களை மட்டும் சொல்கிறார்கள். அந்நாடு தன் கழிவுநீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சுத்திகரித்து விவசாயத்துக்குக் கொடுக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. திண்டுக்கல்லின் சாக்கடையைச் சுத்திகரித்து நூற்பாலைகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் கொடுத்தால், அவை இன்று இழுக்கும் நல்ல தண்ணீர் வீடுகளுக்கு நிற்கும்.

குளங்கள் இருக்கின்றன, வாய்க்கால்கள் இருக்கின்றன. மறுகால் அடைபட்ட குளத்தை மீட்பதற்கு உலக ஒப்பந்தப்புள்ளி தேவைப்படாது. ஆனால் ஆக்கிரமிப்பை அகற்றும் துணிவு தேவைப்படும்.

ஆகவே கடல்நீர் வேண்டுமா என்று இனி யாராவது கேட்டால், மறுகேள்வி ஒன்றைக் கேட்போம்: உப்பை எங்கே கொட்டுவீர்கள்? கடலோர நிலையமோ, தொழிற்சாலைச் சுத்திகரிப்போ, தெருமுனை ஆர்.ஓ.வோ, எதற்கு அனுமதி தந்தாலும் இந்தக் கேள்விக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய, கோடிகள் தேவைப்படாத வேலை ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எண்ணிக்கையாக நின்றுவிட்ட அந்த 467 கிணறுகளையும் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் இன்று எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மீண்டும் அளந்து, கிணறு வாரியாக அந்த 13 ஊர்களின் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.